முப்பத்தாறு ஃபிரேம்

திருத்தங்கல்
ஞாயிறு காலை

அன்புத் தம்பி சபரிநாதனுக்கு, அக்கா யோகலட்சுமி எழுதுவது.

நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. ஆனாலும் சாப்பிட்டாயா என்று கேட்காமல் எனக்கு எழுத வராது. இரண்டு நாளாக என் போனை நீ எடுக்கவில்லை. மெசேஜ் போட்டால் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டிவிடுவாய். அதனால்தான் மெயிலில் கடிதமாகவே எழுதுகிறேன். முழுதாகப் படி.

வீட்டு விஷயம் முதலில். அப்பாவுக்கு இடது காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை. கம்பெனியில் வெடித்த அன்று முற்றத்தில் தூக்கிப் போட்டதில் வந்தது, நாளாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டாசுக் கம்பெனிக்கு இன்னும் பூட்டுதான். போர்மேன் வேலை இல்லாமல் அப்பாவுக்குப் பகல் போகவில்லை. அம்மா கோயில் கோயிலாகப் போகிறாள். அதே முதலாளியின் பிரஸ்ஸில், நான் இருக்கும் இடத்தில் மட்டும், லேபிள் ஆர்டர் ஓடுகிறது.

இனி அந்தப் படம். அந்த வெடிவிபத்தில் கற்பகவல்லி இறந்தது எப்படி என்று காட்டும் அனிமேஷனை முதலாளி முத்துக்கிருஷ்ணன் என்னிடம் கொடுத்தபோதே நான் வேண்டாம் என்றேன். வெளியே கொடுத்தால் ஊர் முழுக்கப் போய்விடும், நீயே செய் என்றார். புதன்கிழமை கலெக்டர் ஆபீஸில் விசாரணை, போலீஸும் இருக்கும். செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு அவர் கையில் படம் இருக்க வேண்டும்.

இரண்டு கேமரா, இரண்டு கடிகாரம். கேட் கேமராவில் முற்றத்தில் நிற்கும் அப்பா தெரிகிறார். மேற்குக் கம்பத்துக் கேமராவில் வெடிமருந்து ரூமில் உட்கார்ந்திருக்கும் கற்பகவல்லி தெரிகிறாள். இரண்டிலும் பதிவானது வெடித்த அந்த வெளிச்சம் ஒன்றுதான். அதை வைத்து நேரத்தைச் சேர்க்கலாம் என்று சொன்னதே நீதான். கீஃப்ரேம் என்றால் நேரத்தில் அடிக்கிற ஆணி, அக்கா, யார் எப்போது அசைந்தார்களோ அங்கே ஒரு ஆணி என்று சொல்லிக்கொடுத்ததும் நீதான். நூற்று நாற்பது ஆணி. கையால் நகர்த்தி முடியாமல் உன்னைக் கேட்டேன். எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் அதனதன் இடத்தில் நிறுத்த ஸ்கிரிப்ட் எழுதி அனுப்பினாய்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அதை ஓட்டினேன். கற்பகவல்லி மருந்துத் தட்டோடு எழுந்திருக்கிறாள். அதன் பிறகு அப்பா கையைத் தூக்குகிறார். வெயில் ஏறின பிறகு மருந்தை அசைக்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அப்படியானால் அப்பா தடுக்கத்தான் பார்த்திருக்கிறார்! சத்தியமாகச் சொல்கிறேன், சபரி, பிரஸ் என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

பிறகு என் நோட்டை எடுத்தேன். கேமராவைப் பார்த்து, இரண்டிலும் வெளிச்சம் வந்த ஃபிரேமை ஒன்றாக வைத்து நானே குறித்த கணக்கு அது. அப்பா கை தூக்கியது முந்நூற்றுப் பன்னிரண்டாவது ஃபிரேம். அவள் எழுந்தது முந்நூற்று முப்பது. உன் ஸ்கிரிப்ட் ஓடிய பிறகு அவள் அங்கேயேதான் இருக்கிறாள், மற்றவர்களும் அப்படியே. அப்பா மட்டும் முந்நூற்று நாற்பத்தெட்டுக்குப் போய்விட்டார். முப்பத்தாறு ஃபிரேம், நொடிக்கு இருபத்துநாலு வீதம் ஒன்றரை நொடி.

ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். உன் அளவு எனக்குத் தெரியாது, ஆனால் பெயரைப் படிக்கத் தெரியும். ஆளின் பெயர் ரத்தினசாமி என்றால் முப்பத்தாறு கூட்டு என்று கடைசியில் ஒரு வரி. நூற்று நாற்பது ஆணியில் அப்பாவுக்கு மட்டும்! கைதவறி வந்த வரி என்று நீ சொன்னால் நான் நம்பிவிடுவேன். அதனால் அப்படிச் சொல்லிவிடாதே.

உன்னை மட்டும் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஒரு நாள் முழுக்க நானும் அந்த வரியைத் தொடவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. அப்பா பிழைத்துக்கொள்ளட்டுமே என்றுதான் எனக்கும் இருந்தது.

நேற்றுக் காலையில் கற்பகவல்லியின் புருஷன் பால்பாண்டி மல்லாங்கிணற்றிலிருந்து பஸ் ஏறி பிரஸ்ஸுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “அவ தானாத்தான் எந்திரிச்சான்னு கம்பெனியில சொல்லுதாக தாயி. யாரும் சொல்லாம அவ எந்திரிக்கிறவ இல்ல. நீங்க செய்யிற படத்துல அது தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்று சொன்னேன். கேமராவில் தெரிவதுதான், பொய்யில்லை, ஆனாலும் நீ மாற்றிய படத்தை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மத்தியானம் மெஷினை நிறுத்தியிருந்த நேரம் அப்பா வந்தார். படத்தைக் காட்டாமல் இருக்க எவ்வளவோ சாக்குச் சொல்லிப் பார்த்தேன். போடு என்றார், போட்டேன். நீ ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தது அவருக்குத் தெரியும்; நீ மாற்றிய படத்தைத்தான் போட்டேன். ஒருமுறை பார்த்தார். இன்னொருமுறை போடச் சொன்னார். மூன்றாம் முறை, தான் கை தூக்கும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“தம்பி நல்லாத்தான் செஞ்சிருக்கான். இப்படித்தான் நான் கையைக் காட்டியிருக்கணும்” என்றார்.

அப்புறம் அவரே சொன்னார். லோடு நிக்குது, மிச்ச மருந்தையும் அடுத்த ரூமுக்குக் கொண்டா, சட்டுனு முடிப்போம் என்று கூப்பிட்டாராம். வெயில் ஏறிடுச்சே அண்ணாச்சி என்றாளாம் அவள். அதற்கும் வா வா என்று கையைத் தூக்கியிருக்கிறார். “நான் கூப்பிட்டுத்தான் எந்திரிச்சா யோகம்மா. அதை மாத்திரு” என்றார். குரல் உடையவில்லை. நான் படத்தை மூடிவிட்டேன்.

ஆனால் அந்த வரியை நான் இன்னும் அழிக்கவில்லை. அது நீ எழுதியது, நீ வந்து அழி. இன்று சாயங்காலம் ஐதராபாத்தில் பஸ் ஏறினால் நாளை மதியத்துக்குமேல் மதுரை வந்துவிடலாம். செவ்வாய் மாலை நாலரை வரை காத்திருப்பேன். அதற்குமேல் நானே அழித்துவிட்டுக் கொடுத்துவிடுவேன். முதலாளி அப்புறம் என்னை வேலையில் வைத்தாலும் சரி, போகச் சொன்னாலும் சரி.

உன்மேல் அப்பாவுக்குக் கோபமில்லை. “எனக்காக ஒருத்தன் இம்புட்டுப் பண்ணியிருக்கானே” என்று வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு தடவை சொன்னார். உன்மேல் கோபமெல்லாம் எனக்குத்தான், ஏலே. வந்தால் திட்டுவேன், திட்டிவிட்டுச் சோறு போடுவேன்.

விசாரணைக்குப் போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடச் சொல்லியிருக்கிறார். கூடவே மாற்றுத் துணி இரண்டு செட்டும் ஒரு போர்வையும் பையில் எடுத்து வைக்கச் சொன்னார். எதற்கென்று நான் கேட்கவில்லை. அம்மா கேட்டதற்குச் சும்மாதான் என்றார்.

அவருக்கு இடது பக்கம் கேட்காது. உள்ளே பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது அந்தப் பக்கம் நீ நிற்க வேண்டும். நல்லபடியாக வந்து சேர், தம்பி.

உன் அக்கா,
யோகலட்சுமி