நமக்கு நடுவே வந்த பந்து

டுபியூக், அயோவா
அக்டோபர் 9, 2003

அன்புள்ள ராஸ்கோ,

இங்கே நாங்கள் நலம். நீயும் மேவிஸும் நலமாக இருக்க வேண்டும். குளிர் தொடங்கிவிட்டது. பள்ளிக்கூட மைதானத்துப் புல்லை இந்த வருஷத்துக்குக் கடைசியாக நேற்று வெட்டி முடித்தேன்.

போன வாரம் உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஏழு வருஷம், நான்கு பேஸ்பால் அணிகள், யாருக்காவது அடிபட்டால் பெஞ்சிலிருந்து இறங்கும் ஆள் நான். என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்றேன். அவள் விடவில்லை. "நீங்க தொடர்ந்து ஆடினது அந்த நாப்பத்தொரு ஆட்டந்தானே? அது எப்படிக் கெடச்சுது?" என்று கேட்டாள். நண்பனுக்கு அடிபட்டது என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அது முழு உண்மையில்லை, ராஸ்கோ. அன்று மைதானத்தின் பின்பகுதியில் நடுவே நீ, இடப்பக்கம் நான். நமக்கிடையே உயர்ந்து வந்த பந்து உன்னுடையது. நீ ஓடிவருவதைப் பார்த்தேன். ஒதுங்கியிருக்கலாம்; இல்லை, "என் பந்து" என்று கத்தியிருக்கலாம். கத்தினால் நீயும் கத்துவாய். நடுவில் நிற்பவன் குரல்தான் செல்லும், நான் விலக வேண்டும். மூன்று வாரத்தில் எனக்குக் கிடைத்த முதல் ஆட்டம் அது. மேனேஜர் பார்க்க நான் பிடிக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டு ஓடினேன். பிடித்தேன். உன் முழங்காலில் மோதி விழுந்து, கையுறையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் உன் அலறல் காதில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் நிருபர்களிடம் நீ, "மெர்ல் கத்தினான்யா, கூட்டத்து இரைச்சல்ல எனக்குத்தான் கேக்கல" என்றாய். அவர்கள் போனதும் என்னைப் பார்த்து, "நான் வர்ற வரைக்கும் என் எடத்துல நில்லு. தூங்கிடாதடா, சோம்பேறி" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். நீ திரும்பி வரவே இல்லை. அடுத்த வருஷம் உன் இடத்துக்கு வேறொருவனை எடுத்தார்கள். நான் பெஞ்சுக்கே போனேன்.

தெரிந்தே என்னைக் காப்பாற்றினாயா, அல்லது நான் கத்தியதாகவே நம்பினாயா? இருபத்துநான்கு வருஷமாகக் கேட்கத் துணிவில்லை. நேற்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். பத்தொன்பதாம் தேதி அச்சில் வருகிறது. அதற்கு முன் நீ என் வாயிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

மாதக் கடைசியில் உன் முழங்காலுக்கு மறுபடி அறுவை சிகிச்சை என்று கேள்விப்பட்டேன். மேவிஸ் வேலைக்குப் போகும் நேரத்தில் உன்னைப் பிடித்து நடத்த ஓர் ஆள் வேண்டியிருக்கும். பனி கொட்டும் மாதங்களில் எனக்கு இங்கே வேலையில்லை. வா என்று ஒரு வரி எழுது. வராதே என்றால் அதையும் நீயே எழுது, மேவிஸிடம் விடாதே.

கால் நன்றாகக் கூடி வரட்டும்.

உன்,
மெர்ல்