படத்தில் இருக்கிற தடுப்பு

செவ்வாய்க்கிழமை, ராத்திரி

சிதம்பரத்தில் கட்டுகிற ஆஸ்பத்திரி சைட்டுக்கு இன்று வரச் சொல்லியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் மூணாவது மாடியிலிருந்து விழுந்து செத்த இடம். கடலூரிலிருந்து தம்பியோடு பஸ்ஸில் போனேன்.

இன்ஜினியர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். கட்டடம் முழுசும் அதற்குள் இருக்கிறது. கம்பி, பைப், ஜன்னல் எல்லாம் தெரிகிறது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுற்றிக் காட்டுகிறார்.

"பாருங்கம்மா, ஓரத்துல தடுப்பு இருக்கு. அவருதான் தாண்டிப் போயிருக்காரு."

"படத்துல இருக்கு சார். சிமெண்ட் மூட்டை ஏத்த எடஞ்சலா இருக்குதுன்னு அதைக் கழட்டி வெச்சிடுவாங்க. அன்னிக்கும் கழட்டித்தான் கெடந்துச்சு. நானும் அங்கதான சித்தாளு வேலை பாத்தேன்?"

"மாடல்ல இருக்கறபடிதாம்மா இங்க வேலை நடக்குது."

"அப்ப அதுல மூட்டை எங்க சார்? அவரு எங்க?"

"ஆளையெல்லாம் அதுல போட மாட்டோம்மா."

"வாக்கா, போலாம்" என்று தம்பி கையைப் பிடித்து இழுத்தான். உதறிவிட்டு மாடிக்கு ஏறினேன். அந்த ஓரத்தில் இப்போது தடுப்பு நிற்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். கை ஒட்டிக்கொண்டது. மஞ்சள் பெயிண்ட், இன்னும் காயவில்லை.

மண்ணெண்ணெய் போட்டுத் துடை என்கிறான் தம்பி. துடைக்க மாட்டேன். நாளைக்கு இந்தக் கையோடுதான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகப்போகிறேன். ராத்திரி சோற்றை இடது கையால் தின்றேன்.