நாரே எஞ்சினான கதை

அன்புள்ள நாரே அப்பாவுக்கு,

நலம். அங்கே உங்கள் உடம்பும் நன்றாக இருக்க வேண்டுமென்று கடலரசனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் கப்பலுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பல் இந்த வாரம் பூசான் துறைமுகத்திலிருந்து கிளம்புகிறதாம். அதில் மிளகாய் விழுதும், உப்பில் ஊறவைத்த பொடிமீனும், நான் முங்கி எடுத்துக் காயவைத்த கடற்பாசியும் அனுப்பியிருக்கிறேன். பாசியை நீங்களே எல்லாம் தின்றுவிடாமல், உங்களோடு எஞ்சின் அறையில் இருக்கும் இந்தோனேசியப் பையன்களுக்கும் கொடுங்கள்.

இங்கே காற்று இன்னும் ஓயவில்லை. பூண்டு அறுவடை முடிந்தது. என் தோள்வலி முன்னைக்குப் பரவாயில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிடலாம். ஆனால் நம் மகள் செய்த காரியத்தை, விட்டுவிட்டுக் கேட்கும் அந்தப் போனில் சொல்ல எனக்கு மனமில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பள்ளிக்கு இந்த ஆண்டு புதிதாக ஹான் என்று ஓர் ஆசிரியை வந்திருக்கிறார். நகரத்துப் பெண், வாய் ஓயாது. நம் கரையோரம் திரியும் டால்பின்களைப் படகுகள் துரத்தாமல் இருக்கச் சட்டம் வேண்டும் என்று கையெழுத்துச் சேகரிக்கிறார்கள் அல்லவா, அதற்காகப் பிள்ளைகளை வைத்து ஒரு நாடகம் போட ஏற்பாடு செய்தார். ஊரில் பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. உங்கள் தம்பி யோங்பேக்குத்தான் அதிகம் பிடிக்கவில்லை. டால்பின் காட்டும் படகை ஓட்டித்தானே அவன் பிழைப்பு நடக்கிறது. நம் வீட்டுக்கு வந்து, "அண்ணி, அந்த டீச்சரம்மாவா வந்து எனக்குச் சோறு போடப்போகுது? டால்பினப் பாக்கத்தானே சனங்க சியோல்லேருந்து வருது? தூரத்துல நின்னு பாருன்னா எவன் வருவான்?" என்று சத்தம் போட்டான். அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

நாரே தாய் டால்பினாக நடிக்க ஆசைப்பட்டாள். கிடைக்கவில்லை. மளிகைக்கடை வீட்டுப் பெண் சோல்லுக்கு அந்த வேடம் போய்விட்டது. நம்மவளுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? படகு எஞ்சின். வேடமே இல்லை, மேடை ஓரத்தில் உட்கார்ந்து சத்தம் போட வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் சாப்பிடாமல் அழுதாள். மறுநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, எஞ்சின்னா எஞ்சின் மாதிரியே இருக்கணும்" என்றாள். நேரே துறைமுகத்துக்குப் போய்ச் சித்தப்பாவிடம் படகை ஓடவிடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். எதற்கென்று அவனும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. அவனுக்கு ஒரே பெருமை. "அண்ணன் ரத்தம்டா, எஞ்சின் மேல எப்படி ஆசை பாத்தியா!" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். மெதுவாக ஓடும்போது எப்படி, வேகம் எடுக்கும்போது எப்படி என்று அவனே தாளம் போட்டுக் காட்டியிருக்கிறான். பழைய டீசல் கேன் ஒன்றையும், அடிக்க இரண்டு ரப்பர் செருப்பையும் அவனிடமே வாங்கி வந்தாள்.

நாடகத்தன்று பள்ளியின் பெரிய கூடத்தில் நிற்க இடமில்லை. என்னோடு முக்குளித்துச் சிப்பியும் பாசியும் எடுக்கும் பெண்களும் நானும் கடலிலிருந்து அப்படியே வந்து, தலை ஈரத்தோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். யோங்பே வரமாட்டேன் என்றவன், கையில் பூங்கொத்தோடு முன்வரிசையில் இருந்தான். அண்ணன் மகள் மேடை ஏறும்போது பூக் கொடுக்க ஆள் வேண்டாமா என்றான்.

தாயும் குட்டியும் விளையாடுவதில்தான் ஆரம்பம். பிறகு அட்டையில் செய்த படகு வந்தது. நாரே கேனில் தட்ட ஆரம்பித்தாள், தொண்டையாலும் உறுமினாள். தட தட தட, இடையில் ஒரு இருமல், மறுபடி தட தட தட. நம் யோங்பே படகுக்குத்தான் அந்த இருமல் உண்டென்று உங்களுக்குத் தெரியும். "அடேய், இது யோங்பே படகாச்சே!" என்று யாரோ கத்த, கூடமே சிரித்தது. யோங்பேயின் காது சிவந்ததைப் பின்னாலிருந்தே பார்த்தேன்.

படகு நடுவே வந்ததும் குட்டி தாயைத் தவறவிட்டது. குட்டியாக நடித்தவன் ஜின்னு, இரண்டாம் வகுப்பு. வாயைத் திறந்து திறந்து கூப்பிடுகிறான். சோல் மறு ஓரத்தில் கூப்பிடுகிறாள். ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நாரே விடாமல் அடிக்கிறாள். முதலில் சிரித்தார்கள். பிறகு நெளிந்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. இவள் நிறுத்த மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். முகமெல்லாம் வியர்வை, குரல் கம்மிப் போகிறது, கை மட்டும் நிற்கவில்லை. ஆசிரியையைப் பார்த்தேன். அவர் அசையாமல் நின்றார்.

அப்போது யோங்பே எழுந்தான். பூங்கொத்து கீழே விழுந்தது. "நாரே, நிறுத்துடி கண்ணு! அந்தப் பிள்ள அம்மாவக் கூப்பிடுது, ஒண்ணுமே கேக்கல!" என்றான்.

அவள் கை அந்தரத்தில் நின்றது.

அந்த அமைதியில் ஜின்னு கூப்பிட்டது கேட்டது. சோல் பதிலுக்கு ஒரு சீழ்க்கை விட்டாள். அது டால்பின் சத்தம் இல்லை. நாங்கள் நீருக்குள்ளிருந்து மேலே வந்ததும் அடக்கிய மூச்சை விடுவோமே, அதே நீண்ட சீழ்க்கை. என் பக்கத்தில் இருந்த மல்சுக் அக்கா தன்னையறியாமல் அதே மூச்சை விட்டாள். அடுத்தவள் விட்டாள். பிறகு நானும். பின்வரிசை முழுக்க, கடலில் ஒருவருக்கொருவர் உயிரோடிருக்கிறோம் என்று சொல்வதுபோல, சீழ்க்கையாகவே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

கூடத்திலிருந்து யாராவது எழுந்து நிறுத்தச் சொல்லும்வரை எஞ்சின் நிற்கக்கூடாது என்பதுதான் நாடகமாம். "யாரும் சொல்லாவிட்டால்?" என்று பிறகு ஆசிரியையிடம் கேட்டேன். அது தனக்கும் தெரியாது என்றார்; அந்த யோசனையே நாரேயுடையதாம். எதற்காக அப்படி என்று அவர் கேட்டபோது, "அம்மா முங்கினா நான் பாறையில உக்காந்து அவங்க மூச்சுச் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். படகு வந்தா கேக்காது. யாராச்சும் நிறுத்தச் சொல்லமாட்டாங்களான்னு இருக்கும்" என்றாளாம். நான் கடலில் இருக்கும்போது அவள் அப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது, நாரே அப்பா. பள்ளி விட்டதும் கரையில் விளையாடுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

வாசலில் இன்னொரு படகுக்காரன் யோங்பேயைக் கிண்டல் செய்தான். "உன் எஞ்சினையே உனக்கு எதிரா ஓட்டிட்டாளே உன் அண்ணன் மவ!" என்றான். அதற்கு இவன், "கேன்ல தட்டினதுக்கே என் படகுன்னு நீ கண்டுபிடிச்சே. டால்பினுக்கு எத்தன படகு சத்தம் தெரிஞ்சிருக்கும்?" என்றான். ஆனாலும் அன்று கையெழுத்துப் போடவில்லை. நசுங்கிய பூவை நாரேயிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு ஆட்களை ஏற்றிப்போய், தூரத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தானாம். டால்பின் வரவே இல்லை. வந்தவர்கள் திட்டிவிட்டுப் போனார்கள். மறுநாளும் அப்படியே செய்தான். தூரத்தில் நான்கைந்து முதுகு தெரிந்ததாம், அவ்வளவுதான். சாயங்காலம் வந்து பாசிச் சூப்பில் சோற்றைப் பிசைந்து தின்றுகொண்டே, "அதுங்க மூச்சு விடுறது கேக்குது அண்ணி. இத்தன வருசமா நான் கேட்டதேயில்ல" என்றான். மீனவர் சங்கக் கூட்டத்தில், பெண்கள் முக்குளிக்கும் நேரத்தில் எந்தப் படகும் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று முதலில் பேசியவனும் அவன்தான். சிலர் எதிர்த்தார்கள். சண்டை இன்னும் முடியவில்லை. கையெழுத்து மட்டும் போட்டுவிட்டான். வருமானம் குறைந்ததென்று நீங்கள் அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம். உங்கள் கோபத்துக்குப் பயந்துகொண்டிருக்கிறான்.

நாரேயின் உள்ளங்கைக் கொப்புளம் ஆறிவிட்டது. சோல் இப்போது அவளோடுதான் பள்ளிக்குப் போகிறாள்.

கப்பல் வேலைக்கு அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் போடச் சொல்லவும் இல்லை, வேண்டாமென்று சொல்லவும் இல்லை. நேற்று தலை பின்னிவிடும்போது நாரே கேட்டாள், "அப்பா எஞ்சின் ரூம்ல இருக்கும்போது நாம கூப்பிட்டா கேக்குமா?" என்று. பின்னல் தவறிவிட்டதென்று அவிழ்த்து மறுபடி பின்னினேன்.

கொஞ்ச நேரம் மேல்தளத்துக்கு வந்து, காற்றில் நின்று இதைப் படியுங்கள். கடலரசன் உங்களை நல்லபடியாகக் கரை சேர்க்கட்டும்.

உங்கள்
நாரே அம்மா