மெமரி கார்டில் உங்களைத் தேடினேன்

இன்று காலை மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். பொங்கலுக்கு வருகிறாளாம். அதற்குள் ஹாலில் இருக்கும் அவளுடைய கேம் பெட்டியில் புதிதாக ஒரு விளையாட்டு இறங்க வேண்டுமாம். "இங்கிருந்து போன்ல இறக்கிப் பாத்தா இடமே இல்லைன்னு காட்டுதுங்கப்பா. பழசு எதையாச்சும் அழிச்சு விடுங்க" என்றாள். டிவியைப் போட்டால், இடம் போதவில்லை என்கிற அதே அறிவிப்பு. இத்தனை வருடம் கழித்தும் இந்தப் பெட்டிகளுக்கு இந்தப் புலம்பல் மட்டும் தீரவில்லை.

அவள் வேலையை அப்படியே விட்டுவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து மில் வேலைக் காலத்தில் ஒரே அறையில் தங்கி நாம் ஆடிய பழைய சாம்பல் நிற கேம் பெட்டியை இறக்கினேன். மெமரி கார்டு சொருகியபடியே இருந்தது. உங்கள் ஆட்டம் ஒன்றாவது அதில் மிச்சமிருக்காதா என்று பார்க்கத்தான். உங்களோடு நான் சேர்ந்து நிற்கிற போட்டோ ஒன்றுகூட என்னிடம் இல்லை. கூடவே இருந்தபோது எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

பீளமேட்டில் மில்லுக்குப் பின்னால் நமக்கிருந்த ஒற்றை அறையில், தொண்ணூறுகளின் கடைசியில், அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது. உங்கள் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. "ஊர்ல, வெள்ளகோவில் வீட்ல வெச்சா எங்கப்பா வைவாருங்க" என்று இங்கே தூக்கி வந்தீர்கள். நாம் இருவரும் ஒரே வயது. ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த அன்று தொடங்கிய 'ங்க'வை இருவரில் யாரும் முதலில் விடவில்லை. மெஸ்ஸில் சாப்பிடும் மதுரைக்காரர்கள், சம்பந்தி வீட்டில் சாப்பிடுகிறவர்கள் மாதிரி இவர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று நம்மை ஓட்டுவார்கள்.

உங்களுக்குக் காலை ஷிப்ட், எனக்கு மதிய ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை தவிர, ஒருவர் ஆடும்போது இன்னொருவர் இருப்பதில்லை. நீங்கள் ஆடியது கார் ரேஸ். பந்தயத்தில் ஜெயித்து ஜெயித்து ஒரு ஷெட் முழுக்கக் கார் சேர்த்து வைத்திருந்தீர்கள். நான் ஆடியது ஃபுட்பால். என் கப் ஆட்டத்தைச் சேமிக்க அந்தச் சின்னக் கார்டில் பாதிக்கு மேல் கட்டங்கள் வேண்டும். ஒருநாள் கப் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டேன், சேமிக்க இடமில்லை. சோறு தின்னும்போது சும்மா சொன்னேன், "கார்டுல இடம் பத்தலைங்க" என்று. "அதுக்கென்னுங்க, பாத்துக்கலாமுங்க" என்றீர்கள்.

மறுநாள் நீங்கள் வேலைக்குப் போனபின் பெட்டியைப் போட்டால், உங்கள் கார்கள் ஒன்றையும் காணோம். அத்தனை மாதத்து ஆட்டத்தை ஒரு வார்த்தை சொல்லாமல் அழித்துவிட்டிருந்தீர்கள். வேறொருவன் என்றால் நன்றி சொல்லிவிட்டு ஃபுட்பால் ஆடியிருப்பான். நானும் அதே கொங்குச் சீமைதான், காரமடைக்காரன். நீங்கள் மட்டும் விட்டுக்கொடுப்பதா என்று ஒரு ரோஷம் வந்து, கார்டில் கிடந்த என் பழைய சில்லறை ஆட்டங்களையும் அழித்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டேன்.

நான் திரும்பி வந்தபோது நீங்கள் காலிக் கார்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள்.

"ஏனுங்க, இப்புடிப் பண்ணிப்போட்டீங்க?"

"நீங்க மட்டும் பண்ணலாமுங்களா?"

"உங்களுக்கு இடம் வேணும்னுதானுங்க நான் அழிச்சேன்!"

"அதுக்குன்னு நான் மட்டும் வெச்சு ஆடினா நல்லாவா இருக்குமுங்க?"

நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள். அதன்பின் நமக்கு அதுவே வழக்கமாகிப்போனது. பேக்கரியில் பில்லுக்குக் கை நீட்டுவது போல, யார் முந்தித் தன் ஆட்டத்தை அழிப்பது என்று போட்டி. ஒருவரும் எந்த ஆட்டத்தையும் முடித்ததே இல்லை. இன்னொரு கார்டு வாங்கியிருந்தால் தீர்ந்திருக்கும். எனக்குத் தோன்றத்தான் செய்தது. சொன்னால் பாகம் பிரிக்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன். உங்களுக்கும் தோன்றியிருக்கும்.

கல்யாணம் ஆகி, ஊரில் தறி போட்டுக்கொண்டு நீங்கள் கிளம்பியபோது பெட்டியை எடுக்கவே இல்லை. "நீங்களே வெச்சுக்கோங்க. போயிட்டு வாரேனுங்க" என்றீர்கள். அப்புறம் விசேஷ வீடுகளில் பார்த்துக்கொண்டோம், பத்திரிகை வைத்துக்கொண்டோம். போன ஐப்பசியில் உங்கள் வீட்டம்மா போன் செய்து நீங்கள் போய்விட்ட தகவலைச் சொன்னார்கள். வந்தேன். பந்தலில் உங்கள் பெரியப்பா மகன் என்னைப் பார்த்து, "நீங்க எந்த வழியில சொந்தமுங்க?" என்று கேட்டார். "கூட வேலை செஞ்சவனுங்க" என்றேன். தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு அவர் அடுத்தவரை விசாரிக்கப் போய்விட்டார். பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன்.

பழைய பெட்டிக்கு இன்று ஒயர் மாட்டிப் போட்டேன். கொஞ்சம் திணறி ஓடியது. கார்டு திறந்தது. எல்லாம் ஃபுட்பால். எல்லாம் என்னுடையது. உங்களுடையது ஒரு கட்டம்கூட இல்லை. அன்று நான் கவனிக்கவில்லை, கிளம்புவதற்கு முன் சுத்தமாகத் துடைத்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள், எனக்கு இடம் பற்றாமல் போய்விடும் என்று. கோபம்தான் வந்தது. ஏனுங்க, ஒன்றையாவது விட்டுவிட்டுப் போயிருந்தால் என்ன? ஒரே ஒரு காரை?

பழைய பெட்டியின் ஒயரைக் கழற்றினேன். பிறகு மகளின் பெட்டிக்குத் திரும்பினேன். அவள் சிறுவயதில் ஆடிய ஆட்டங்கள் வரிசையாக இருந்தன. கீழே என்னுடைய ஃபுட்பால் ஒன்று, வீட்டில் தனியாக இருக்கிற பொழுதுக்கு நான் ஆடிக்கொண்டிருப்பது. அவளுடையது எதையும் தொட மனம் வரவில்லை. என்னுடையதை அழித்துவிட்டு அவளுக்குப் போன் செய்தேன்.

"இடம் ஆயிருச்சு கண்ணு. என்னுதை எடுத்துப்போட்டேன்."

"அட, சூப்பருங்கப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அவள் மேல் தப்பே இல்லை. இடம் கேட்டாள், கிடைத்தது, சந்தோஷம். உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் காத்திருந்தேனுங்க. 'ஏனுங்க, இப்புடிப் பண்ணிப்போட்டீங்க' என்று கேட்டுச் சண்டைக்கு வர, இனி எனக்கு ஆள் இல்லை.