நாலாவது மாடிக்கு எவ்வளவு?

மார்ச் 4, செவ்வாய்

கேக் பெட்டி மூடியில் ‘டெலிவரி இலவசம்’ என்று அச்சடித்த நாளில் எனக்கு மூளை இருந்ததா? அலமாரி நிறைய மூடிகள், என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன. ஆபீஸ் போகிற வழியில் கேக் கொண்டுபோய்க் கொடுத்துவந்த என் கணவர் இன்று காலை ஸ்கூட்டர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டார். “சட்டையில க்ரீம் இருக்குன்னு மேனேஜர் சொல்றாரு. இனிமே என்னால ஆகாது.” க்ரீம் என்றுதானே சொன்னார், லிப்ஸ்டிக் என்று சொல்லவில்லையே!

வேலையை விட்டுவிட்டு வீட்டில் கேக் சுடுகிறேன். இந்த வருடமும் கையைக் கடித்தால் பழைய ஆபீசுக்கே போய்விடுவேன் என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். லாபம் மொத்தத்தையும் பெட்ரோல் குடிக்கிறது.

மார்ச் 5

மாமனார் தானாக முன்வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டில் யார் எழுந்தாலும் “எங்க போகணும்?” என்கிறார்.

“நான் கொண்டு போறேம்மா. ஆனா டிக்கெட் இல்லாம எதுவும் வண்டியில ஏறாது.”

கேக்குக்கு டிக்கெட்டாம். ஊரையே ஸ்டேஜ் ஸ்டேஜாகப் பிரித்துவிட்டார். தண்ணீர்த் தொட்டி வரை ஒன்று, பாலம் வரை இரண்டு, பாலம் தாண்டினால் மூன்று. சின்ன கேக்குக்கு அரை டிக்கெட், இரண்டடுக்கு கேக்குக்கு லக்கேஜ். மாமியார் மூடிகளில் ‘இலவசம்’ என்பதை மார்க்கரால் அடித்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 6

பெட்ரோல் செலவுக்கு மட்டும் வாங்குங்கள் மாமா என்று சொல்லியிருக்கிறேன். கஸ்டமர் ஓடிவிட்டால்? அதிலும் பல் டாக்டரம்மா! வாரம் தவறாமல் பெரிய கேக் வாங்குகிறார். தன் தொழிலுக்கு ஆள் பிடிக்கிறாரோ என்னவோ. வீடு பாலத்துக்கு அப்பால், நாலாவது மாடி. லிஃப்ட் எப்போதும் ரிப்பேர். அவரிடம் மட்டும் காசு கேட்க வேண்டாம் என்று கெஞ்சினேன்.

“ஃப்ரீ பாஸா?” என்று மாமா முகத்தைச் சுளித்தார். ஆனாலும் சரி என்றார்.

மார்ச் 14

ஒருவரும் ஓடவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தையல்காரர் மட்டும் நடந்து இந்தப் பக்கம் வந்து கேக்கை வாங்கிக்கொண்டார். ஒரு ஸ்டேஜ் மிச்சமாம். “விவரமான ஆளு” என்று மாமாவுக்கு அவர்மேல் ஒரே மரியாதை.

மார்ச் 15, சனி

ஸ்ட்ரைக்! என் வீட்டில், என் மாமனார்!

பல் டாக்டரம்மாவின் கேக் பெட்டியில் தயாராக இருக்கிறது. மாமா பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“பெட்ரோலுக்குக் காசு போட்டே. ஓட்டுறவனுக்கு என்ன போட்டே?”

“நீங்க வீட்டு மனுஷர் மாமா!”

“வீட்டு மனுஷனுக்கு முழங்கால் வலிக்காதா?”

நல்ல நேரம் பார்த்தார் மனுஷன்! ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாததால் வாடகைக் கார் பிடித்து, கேக்கை மடியில் வைத்துக்கொண்டு நானே போனேன். கார்க்காரர் வாங்கிய காசு என் லாபத்தை விழுங்கி ஏப்பம் விட்டது. அப்புறம் படிகள். இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கியது. மூன்றாவதில்தான் உறைத்தது — போன வாரம் மாமா இதை ஏறியிருக்கிறார். வெட்கமாக இருந்தது. ஸ்கூட்டர் குடிப்பதற்குக் கணக்குப் போட்டேன், அவர் முழங்காலை மறந்தே போனேன்.

கதவு திறந்ததும், “மேடம்... டெலிவரிக்கு இனிமே காசு... மாடிக்குத் தனி” என்றேன். ‘தயவுசெய்து’ சொல்ல மூச்சில்லை. போச்சு, பெரிய கஸ்டமர் போச்சு என்று நினைத்தேன். அவர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

“போன வாரம் வந்த பெரியவர் ஒரு வார்த்தை சொல்லலையே. நான் கீழ வந்து வாங்கிக்கிட்டா மாடிக் காசு கிடையாதுல்ல?”

கிடையாது தாயே, கிடையாது.

மார்ச் 16

பேச்சுவார்த்தை. ஒவ்வொரு டெலிவரிக்கும் பேட்டா, நடுவில் டீ, மழையில் வண்டி எடுக்க முடியாது. மூன்றுக்கும் தலையாட்டினேன். பேட்டாவையும் சேர்த்து ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் புதுக் கட்டணம் போட்டாயிற்று. யாருக்கும் இலவசம் இல்லை.

மார்ச் 22

மாமாவுக்கு முதல் பேட்டா. வாங்கிக்கொண்டு நேராகப் போய் முடி வெட்டி, மீசைக்குக் கறுப்படித்துக்கொண்டு வந்திருக்கிறார். சகிக்கவில்லை. ஆனால் மனுஷர் விசிலடித்துக்கொண்டு நடக்கிறார்.

மார்ச் 29, சனி

எல்லா கேக்கும் போய்ச் சேர்ந்தது. இந்த மாதம் கையைக் கடிக்கவில்லை. பழைய ஆபீஸ் பேச்சை இவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ராத்திரி சிங்க் நிறைய க்ரீம் பாத்திரம் அப்படியே கிடந்தது. கூடத்தில் மாமாவின் நாற்காலியில் மாமியார், கையில் பேப்பர்.

“உடம்பு சரியில்லையா அத்தை?”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு.” பேப்பர் இறங்கவில்லை. “கொண்டு போறவருக்குப் போட்டாச்சு. தேய்க்கிறவளுக்கு என்னம்மா போட்டிருக்கே?”

பாத்திரம் முழுவதையும் நானே தேய்த்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, திங்கள் முதல் கேக் விலை ஏறுகிறது என்று எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பினேன்.