குதிரை செத்த பக்கம்

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை உன் மனைவி கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து ஒரு நீல ஃபைலை என் மடியில் வைத்தார். திறந்தேன். பழைய பிரின்டர் மையும் கரப்பான் பூச்சியும் கலந்த அந்த வாசத்தில், வெள்ளவத்தைக் கரையோர ரயிலே ஒரு நிமிடம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது.

“உங்களிட்டைக் குடுக்கச் சொல்லிப்போட்டுத்தான் இவர் கண்ணை மூடினவர், அண்ணை.”

உள்ளே நம்முடைய சித்திரக்கதை. இன்டர்நெட் இந்த ஊருக்குள் தவழத் தொடங்கியிருந்த காலம். நாம் இருவரும் வெறிகொண்டு வாசித்த முகமூடி வீரனை, அவனைப் படைத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேளாமல் கடத்திவந்து, குதிரையோடு காலி வீதிப் பஸ் நெரிசலில் இறக்கிவிட்டோம். நான் படம் கீறுவேன். என் கையெழுத்தை ஸ்கேன் பண்ணினால் எறும்புப் படை செத்துக் கிடப்பது போலிருக்கும் என்பதால், பேச்சுக் குமிழ்களை வெறுமையாக விட்டு, வசனத்தைக் கொப்பியில் தனியாக எழுதித் தருவேன். நீ வேலை செய்த நெட் கஃபேயில் அதை டைப் பண்ணிக் குமிழுக்குள் போட்டு, நம் இணையத்தளத்தில் ஏற்றுவாய்.

வசனமா அது! வரிக்கு ஒரு சமுத்திரம் அழுதது. கடைசிப் பக்கத்தில் வீரனின் குதிரை வெள்ளவத்தைக் கடற்கரையில் செத்துக் கிடக்கும். அந்த ஒரு பக்கத்துக்கு மூன்று கிழமை, பதினேழு பென்சில், கண்ணீரில் ஊறி உக்கிப்போன ஒரு பாய். வீரன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேட்பான்: “என் உயிரே, இனி இந்தப் பாதையில் எனக்கு யார் துணை?”

ஃபைலில் அந்தப் பக்கம் இருக்கிறது. அதே குதிரை, அதே கடல். குமிழுக்குள் மட்டும்: “எழும்படா. தெஹிவளைக்குப் பஸ் இல்லை. உன்னை நம்பித்தான் வந்தனான்.”

மற்றப் பக்கங்களைப் புரட்டினேன். வஞ்சினம் கூற வேண்டிய வில்லன், “நடைபாதையில குதிரை கட்டினது ஆர்?” என்று கத்துகிறான். இருபத்தொன்பது பக்கத்தில் என் வசனம் ஒன்றுகூட இல்லை.

உன் மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தார். “கனடா, லண்டனில எல்லாம் இதைப் பார்த்து வயிறு நோகச் சிரிச்சவையாம். ‘என்ரை கூட்டாளி மாதிரிப் பகிடிக்காரன் இல்லை’ எண்டு சொல்லிக்கொண்டே இருப்பார்.” பிறகு என் முகத்தைக் கண்டார். “ஏன் அண்ணை, உங்களுக்குத் தெரியாதோ?”

“தெரியும் தங்கச்சி,” என்றேன். என் வாழ்நாளிலேயே நான் சொன்ன மிகச் சிறிய பொய் அதுதான்.

உன் பொய் பெரிது. எத்தனை தரம் கேட்டேன்! “நான் எழுதின மாதிரியே போட்டனியோ?”

“ஒரு எழுத்தும் மாத்தேல்லை, அம்மாவாணை.”

என் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. ஒருநாள் பார்த்தே தீருவேன் என்று உன் கஃபேக்கு வந்தேன். படம் வரிவரியாக இறங்கியது: வானம், தொப்பி, முகமூடி. குமிழின் விளிம்பு தெரிந்ததும் லைன் அறுந்தது. “சீ, இந்த டெலிபோன் லைன்!” என்று நீதான் மேசையில் அடித்தாய். மேசைக்குக் கீழே, வயர் கிடந்த இடத்தில் உன் கால் என்ன செய்துகொண்டிருந்தது என்று இப்போதுதான் விளங்குகிறது.

படியிறங்கப் போன உன் மனைவி திரும்பி நின்றார். “முதல் பக்கத்தை முதல்ல உங்கட வசனத்தோடதான் போட்டவராம் அண்ணை. பார்த்தவை ஒருத்தரும் ஒண்டும் எழுதேல்லை எண்டு சரியாக் கவலைப்பட்டவர். பிறகுதான் மாத்தினவர்.”

அதை என்னிடம் சொல்லியிருக்கலாமே! ஆறு மாதம் உன்னோடு கதைக்காமல் விட்டிருப்பேன். ஏழாம் மாதம் வேறு ஏதாவது கீறியிருப்பேன். நீ சொல்லாததால் நான் என்ன செய்தேன்? குதிரை செத்த பக்கத்தோடு உலகத்தின் துயரமெல்லாம் கீறி முடிந்துவிட்டதென்று பிரகடனம் செய்து பேனாவை மூடினேன். “இன்னும் ஒண்டு கீறு மச்சான், சனம் கேக்குது,” என்று நீ என் வாசலில் வந்து நின்றாய். எந்தச் சனம், எதைக் கேட்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. அழுத சனம் என்று நினைத்து இருபது வருடம் நெஞ்சை நிமிர்த்தி நடந்திருக்கிறேனடா. இப்போது சண்டை பிடிக்கவும் நீ இல்லை. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய துரோகம்.

நேற்று ஒரு தாளை எடுத்துக் குதிரையைக் கீறினேன். கை பழகவில்லை; கொழுத்த நாய் ஒன்று படுத்திருப்பது போல வந்தது. குமிழை வெறுமையாக விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன், பழைய பழக்கத்தில். டைப் பண்ண ஆள் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. “யார் துணை” என்று என் வசனத்தையே எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன் செத்தவீட்டிலும் மனதுக்குள் அதைத்தான் சொன்னேன்.

உன்னை மன்னிக்கவில்லை. அது வேறு கதை. ஆனால் அந்தக் குமிழுக்குள் என் கையெழுத்தில், எறும்பு எறும்பாக, இப்போது இருப்பது இதுதான்:

எழும்படா. பஸ் இல்லை. உன்னை நம்பித்தான் வந்தனான்.