ப்ரீஸ் என்றால் பிளக் என்று நினைத்தேன்

அன்பு மகள் பொலினுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அடுத்த வீட்டு அஞ்சலாட்சி எழுதுவது. தேதி என்ன போடட்டும் என்கிறாள். சுனாமி வந்து நாலாம் வருஷம், உன் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்த மறு வருஷம் என்று எழுதச் சொன்னேன், எனக்கு அப்படித்தான் வருஷம் நிற்கும். லண்டன் குளிரில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே சோறு தண்ணிக்குக் குறைவில்லை.

நீ அனுப்பின இரண்டு பெட்டி விஷயமாகத்தான் எழுதுகிறேன். டெலிபோன் லைன் முன் ரூமில், உன் அம்மா கட்டில் பின் ரூமில், நடு ரூம்களில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் தங்கள் வழியாக ஒயர் போகக்கூடாது என்கிறார்கள், அதனால் முன் ரூமில் ஒன்று, பின் ரூமில் ஒன்று சொருகினால் கரண்டு ஒயரிலேயே நெட்டு போகும் என்று நீ அனுப்பினாய். வெளிநாட்டுப் பொருள் ஆச்சே, கரண்டு ஏறி இறங்கினால் கருகிவிடும் என்று இரண்டுக்கும் ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினேன். அன்றையிலிருந்து கம்ப்யூட்டரில் உன் முகம் வருவதும் நிற்பதுமாக இருந்தது. நீ போனில் "ஃப்ரீஸ் ஆவுதுப்பா, ஃப்ரீஸ் ஆவுது" என்றாய். நம் வீட்டில் பிளக்கைப் பிரெஞ்சில் ப்ரீஸ் என்றுதானே சொல்லுவோம், நீ சொல்லும்போதெல்லாம் நான் ப்ரீஸைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பதினோரு தடவை. கம்ப்யூட்டர் கடைப் பையன் பாவாடை வந்து பார்த்துத்தான் படம் உறைந்து நிற்பதைச் சொல்லியிருக்கிறாய் என்று விளக்கினான். "பெரியவரே, கரண்டுக்குக் காவல் வெச்சிருக்கீங்க, அது நெட்டையும் சேத்துப் புடிச்சிக்கிது" என்று சிரித்துவிட்டு ஸ்டெபிலைசரைக் கழற்றிப் பெட்டியைச் சுவரிலேயே நேராகக் குத்தினான். கொஞ்சம் தேவலை. முன் ரூமுக்குக் கரண்டு வருவது ஒரு பேஸ் லைனில், பின் ரூமுக்கு வேறு பேஸ் லைனில், இரண்டையும் ஒரே பேஸில் கொடுத்தால்தான் நெட்டு ஒழுங்காக ஓடுமாம். ஒயர்மேன் பக்கிரியிடம் மூன்று தரம் போய் நின்றேன். "செவுரெல்லாம் ஊறிக் கெடக்குது, மழ விடட்டும் முசே" என்று மரியாதையாகத்தான் சொல்கிறான். மழை விடவில்லை. நான் என்ன செய்வேன், சுவருக்குள் ஓடுவது என் கண்ணுக்கா தெரிகிறது.

போன ஞாயிறு நீ பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் பாதி திறந்தபடி உன் முகம் நின்றுவிட்டது, சத்தமும் இல்லை. உன் அம்மா உற்றுப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டு, "பொலினுக்கு எப்பங்க ஆச்சி? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே, போட்டோவுக்கு ஒரு மால கூடப் போடல" என்று அழ ஆரம்பித்தாள். உயிரோடுதான் இருக்கிறாள், கரண்டுக் கோளாறு என்றேன். அதற்குள் படம் அசைந்து நீ சிரித்தாய், அவள் பயந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். நீ பார்த்திருப்பாய், ஏன் என்று என்னைக் கேட்கவில்லை. அன்றையிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடச் சொல்கிறாள்.

பக்கிரி வந்து சரி செய்கிறவரைக்கும் படத்தில் வராதே அம்மா, போனிலேயே பேசு. உன் குரல் அவளுக்கு இன்னும் தெரிகிறது. இன்னொரு பெட்டி அனுப்பாதே. லீவு கிடைக்குமா என்று மட்டும் கேட்டுப் பார். காதை மூடிக்கொண்டு வெளியே போ, ராத்திரியில் தயிர் சாப்பிடாதே. மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் கைவிடமாட்டாள்.

உன் அம்மா விடிந்தால் ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்துவிடுகிறாள். தன் அக்கா ஜிசேலைக் கேட்கிறாள், அவள் போனது பெரிய புயலுக்கு மறு மாதம். தன் அண்ணன் ஆந்த்ரேவைக் கேட்கிறாள், அவர் போய் இந்தப் பெரிய வெள்ளியோடு ஒன்பது வருஷம். அந்தக் காலத்தில் வீட்டுக்குப் பால் ஊற்றின ஆயம்மாவைக் கூடக் கேட்கிறாள். உண்மையைச் சொன்னால் இன்றைக்குத்தான் செத்தது போல அழுகிறாள், அதனால் வருவார்கள் என்று சொல்லிவிடுகிறேன். அவள் கூப்பிடும் பெயர்களில் உயிரோடு இருப்பது நீ ஒருத்திதான், பொலின்.

இப்படிக்கு
உன் அப்பா லொரான், கைநாட்டு